கோயில்காட்டுக்குத் திரும்பி வந்த பிள்ளைகளுக்கு

அன்புள்ள பிள்ளைகளே,

கோயில்காட்டைச் சீர்செய்ய வைகாசியில் நீங்கள் முதல்முறை வந்து இறங்கிய அன்று நான் சொன்ன ஒரு வார்த்தையை முதலில் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். "படம் பிடித்துக்கொண்டு மத்தியானச் சாப்பாட்டோடு கிளம்பிவிடுவார்கள்" என்று டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து நாலு பேர் கேட்கச் சொன்னேன். அந்த நாலு பேரில் ஒருவர் அதை உங்களிடமே சொல்லிவிட்டார் என்பது பிறகுதான் தெரிந்தது. நீங்கள் காட்டிக்கொள்ளவே இல்லை.

நான் அப்படிப் பேசியதற்கும் காரணம் உண்டு. சில வருடங்களுக்கு முன் ஓர் அமைப்பினர் வந்து சாஸ்தா கோயிலைச் சுற்றிக் குழி வெட்டி, கன்று நட்டு, பேனர் கட்டிவிட்டுப் போனார்கள். கன்றுகளை ஆடு தின்றது. பேனர் வெகுநாள் தாங்கியது. கடைசியில் ஒரு மாட்டுத்தொழுவத்துக்குக் கூரையானது.

செங்கோட்டைக்கு மேற்கே, புளியரை தாண்டினால் கேரளம். இந்தச் செங்கோட்டையே 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரோடு இருந்ததுதான். அதனால் உங்களில் பாதிப்பேர் பதின்மூன்று கண் பாலத்தைத் தாண்டி ரயிலில் வந்ததை ஊரில் யாரும் அதிசயமாகப் பார்க்கவில்லை. பேச்சில்தான் கொஞ்சம் தடுமாறினோம். அந்தப் பக்கத்துத் தம்பி "தூம்பா எங்கே?" என்று கேட்க, தண்ணீர் போகும் தூம்பைத்தான் தேடுகிறான் என்று எங்கள் பெரியவர் அவனைக் குளத்துக்கரைக்கே கூட்டிக்கொண்டு போய்விட்டார். அவன் கேட்டது மண்வெட்டியை.

பாதை விஷயத்துக்கு வருகிறேன். ஆனி, ஆடியில் ஆரியங்காவுக் கணவாய் வழியாகச் சாரல் வந்துவிடும். வருகிற தண்ணீரெல்லாம் கோயில் பாதையையே வாய்க்காலாக்கி, முழங்கால் ஆழத்துக்கு அரித்து வைத்திருந்தது. தண்ணீரை வெளியே திருப்ப, பாதைக்குக் குறுக்கே சிறு வாய்க்கால்கள் வெட்டினீர்கள், நேராக. முதல் சாரலிலேயே அத்தனையும் மண் மூடிப்போனது. நான் உள்ளுக்குள் சிரித்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வயலுக்கு நீர் பாய்ச்சுகிற அதே பெரியவரைப் பிடித்து உட்காரவைத்துக் கேட்டீர்கள். அவர் குச்சியால் தரையில் சாய்வாக ஒரு கோடு இழுத்தார். நேராக வெட்டினால் தண்ணீர் நின்று மண்ணைப் படியவிடும். சாய்த்து வெட்டினால் மண்ணையும் இழுத்துக்கொண்டு பள்ளத்துப் பக்கம் இறங்கிவிடும். அவ்வளவுதான் பாடம். மொத்தத்தையும் மறுபடி வெட்டினீர்கள். பள்ளத்து ஓரத்தில் கல் அடுக்கினீர்கள். காலில் அட்டை ஏறி ரத்தம் வழிந்தபோதும் உப்பைத் தேய்த்துவிட்டு வேலையைத் தொடர்ந்தீர்கள். இப்போது எண்பது வயது ஆச்சிகள் செருப்பைக் கையில் பிடிக்காமல் சாஸ்தாவைப் பார்த்துவிட்டு வருகிறார்கள்.

உண்ணிச்செடியை எடுப்பது அதைவிடப் பெரிய வேலை. 1809இல் அழகுக்காகக் கல்கத்தா தாவரவியல் தோட்டத்துக்குக் கொண்டுவந்த செடி அது. எங்கள் காட்டில் நாவல் கன்றுக்கும் நொச்சிக்கும் இடமில்லாமல் மண்டிக் கிடந்தது. மேலே வெட்டினால் ஒன்றுக்குப் பத்தாகத் துளிர்க்கும். மண்ணுக்குக் கீழே வேர்க்கழுத்தைப் பார்த்து வெட்டி, தலைகீழாகக் கவிழ்த்துப் போட வேண்டும். இத்தனை நாள் நாங்கள் அரிவாளால் மேலேதான் வெட்டிக்கொண்டிருந்தோம், அதாவது வளர்த்துக்கொண்டிருந்தோம்.

உங்களில் ஒரு பெண் கேட்டாள்: "வண்ணத்துப்பூச்சி இதில்தானே உட்காருகிறது, எடுத்துவிட்டால் எங்கே போகும்?" நல்ல கேள்வி. பூவில் தேன் குடிக்க வரும். ஆனால் புழு தின்பதற்கு வேறு இலை வேண்டும். அதனால் ஒரேயடியாக அழிக்காமல் பகுதி பகுதியாக எடுப்பது என்று முடிவு செய்தீர்கள். குருவிக்கூடு இருந்த புதரைத் துணி கட்டி அடையாளம் வைத்து விட்டுவைத்தீர்கள். அன்றைக்குத்தான் அந்தப் பெருமருந்துக் கொடி விஷயம் நடந்தது. களை என்று நினைத்து ஒரு தம்பி அதைச் சுருட்டிப் பிடித்துவிட்டான். இழுக்கும் நேரத்தில் அவள் அவன் கையைத் தட்டிவிட்டாள். இலையின் அடியில் கருஞ்சிவப்பாக, உடம்பெல்லாம் முள்முள்ளாக ஒரு புழு. சிவப்புடல் அழகி என்ற வண்ணத்துப்பூச்சியின் புழு என்று புத்தகத்தைப் புரட்டிச் சொன்னீர்கள். அந்த இலையின் நஞ்சைத் தின்று உடம்பில் சேர்த்துக்கொள்வதால் பறவைகள் அதைத் தொடாதாம். அறுபது வருடமாக அந்தக் கொடியைத் தாண்டி நடந்திருக்கிறேன், ஒருநாள்கூடக் குனிந்து பார்த்ததில்லை.

வைகாசியில் வந்தது ஒரு பஸ் நிறைய. ஐப்பசி மழையில், முளைத்த உண்ணிக் குருத்தைக் கையால் பிடுங்க வந்தது பதினான்கு பேர். படம் எடுக்க அதில் ஒன்றுமில்லை. நாள் முழுக்கக் குனிந்து சேற்றைக் கிளறுகிற வேலை. இந்த மடல் முக்கியமாக அந்தப் பதினான்கு பேருக்கு. மற்றவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், அடுத்த ஐப்பசிக்கு வாருங்கள்.

கல் ஏற்ற டிராக்டரை வாடகை வாங்காமல் கொடுத்தவருக்கும், வேலை செய்ய வேண்டிய எல்லையைக் கூடவே நடந்து காட்டிய வனக்காவலருக்கும், கையைக் கிழிக்காமல் முட்செடியைப் பிடிக்கும் விதம் சொல்லிக்கொடுத்த நூறுநாள் வேலைப் பெண்களுக்கும் நன்றி. டீக்கடைக்காரருக்கும் நன்றி, கணக்கு நோட்டில் இன்னும் ஏழு டீ பாக்கி இருப்பதாக அவர் சொன்னாலும்.

கடைசி நாளன்று யாரோ ஒரு நீலக் குடையை விட்டுப் போயிருக்கிறீர்கள். ஒரு கம்பி வளைந்திருந்தது, சரி செய்துவிட்டேன். என் வீட்டுத் திண்ணையில் மாட்டியிருக்கிறது. சாரல் தொடங்குமுன் வந்து வாங்கிக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
டீக்கடை பெஞ்சில் பேசிய பெரியவர்,
கோயில்காட்டுப் பராமரிப்புக் குழுவுக்காக