கோபோலுக்குள் முடங்கிக் கிடக்கும் விளக்கங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வங்கி, காப்பீடு, ஓய்வூதியம் போன்ற துறைகளில் இன்றும் பல இடங்களில் கோபோல், ஆர்பிஜி என்ற பழைய நிரல்மொழிகளில் எழுதிய நிரல்கள்தான் கணக்கை நடத்துகின்றன. இவற்றைப் புதுப்பிக்கச் செலவிடுவதா, அலுவலர்களே அறிக்கை எடுத்துக்கொள்ள எளிய தரவுக் கருவிகளை வாங்கித் தருவதா என்று விவாதிக்கிறார்கள். இரு தரப்பும் ஒன்றைக் கவனிப்பதில்லை. ஃபைலில் இருப்பது வெறும் எழுத்தும் எண்ணும். அவற்றின் பொருள் நிரலுக்குள்தான் எழுதப்பட்டிருக்கிறது.

ஒரு கடன் கணக்கை எடுத்துக்கொள்வோம். அதன் ரெக்கார்டில் நிலைக்குறி என்று ஓரெழுத்து ஃபீல்டு இருக்கும். கடன் அடைந்து முடிந்தால் 'சி', வசூலாகாது என்று தள்ளுபடி செய்தால் 'எக்ஸ்'. கோபோலில் 88 என்ற நிலை எண்ணின் கீழ் இந்த இரண்டு எழுத்துக்கும் சேர்த்து 'முடிந்த கணக்கு' என்று ஒரே பெயர் வைத்திருப்பார்கள். நிரல் அந்தப் பெயரைத்தான் சோதிக்கும். ஆனால் எக்செலுக்குப் போவது எழுத்து மட்டும்தான். 'சி'யை மட்டும் நீக்கிவிட்டுக் கூட்டுகிறவருக்குத் தள்ளுபடியான கடன்களும் நிலுவையாகவே தெரியும். ரீடிஃபைன்ஸ், அதாவது ஒரே இடத்துக்கு வேறுவேறு பொருள் தரும் கோபோல் வசதி, இதைவிட மோசம். அதே பத்து பைட் ஒருவகைக் கடனில் ஜாமீன்தாரர் எண்ணாகவும் இன்னொரு வகையில் வாகன எண்ணாகவும் இருக்கும். எது எப்போது என்பது நிரலைப் படித்தவருக்கு மட்டுமே தெரியும்.

ஃபைலை வெளியே எடுக்கும் இடத்திலேயே இன்னொரு சேதம் நடக்கிறது. எஸ்9(7)வி99 காம்ப்-3 என்று, அதாவது குறியும் ஏழு முழு இலக்கமும் இரண்டு தசம இலக்கமும் கொண்ட சுருக்க வடிவில், அறிவித்த தொகை 5 பைட்டில் அடங்கும். ஒரு பைட்டுக்கு இரண்டு இலக்கம், கடைசி அரை பைட்டில் கூட்டல் கழித்தல் குறி. தசமப் புள்ளி சேமிக்கப்படுவதே இல்லை. 'வி' அது இருக்கவேண்டிய இடத்தைக் குறிக்கிறது, அவ்வளவுதான். இந்த ஃபைலை பெருங்கணினியின் எழுத்துக் குறியீடான எப்சிடிக்கிலிருந்து மற்றக் கணினிகளின் ஆஸ்கிக்கு முழுவதுமாக மாற்றி அனுப்பினால், தொகையின் பைட்டுகளும் எழுத்தென்று கருதப்பட்டு உருமாறிவிடும். பிறகு மீட்பது பெரும்பாலும் முடியாது. மாற்றாமல் அனுப்பிவிட்டு 'வி'யை மறந்தால் தொகை நூறு மடங்காகும். அனுப்புவதற்கு முன்பே குறியையும் புள்ளியையும் வெளிப்படையாக வைத்த எழுத்து வடிவத்துக்குக் கோபோலின் மூவ் கட்டளையால் மாற்றுவதுதான் பாதுகாப்பான முறை.

வட்டிக் கணக்கில் பிழை இன்னும் நுணுக்கமானது. ரவுண்டட் (அருகிலுள்ள எண்ணுக்கு மாற்று) என்று எழுதாத கோபோல் கணக்கு, இடம் போதாத தசமத்தை வெட்டிவிடும்: 12.345 என்பது 12.34 ஆகும். அலுவலர் எக்செலில் ரவுண்ட் போட்டால் 12.35 வரும். வெட்டுவதற்கும் அருகிலுள்ள எண்ணுக்கு மாற்றுவதற்கும் சராசரி வித்தியாசம் சுமார் 0.005. பத்து லட்சம் கணக்குகளில் இது ஏறத்தாழ 5,000 ஆகிறது. எது சரி என்பதை ஒப்பந்த விதி சொல்லவேண்டும். அந்த விதி ஒரே இடத்தில் இருக்கவேண்டும். ஆகவே பணத்தை உருவாக்குகிற, மாற்றுகிற எந்தக் கணக்கையும் பயனர் கருவிக்கு இடம்பெயர்ப்பதை ஏற்க முடியாது.

கோபோல் 1985-லேயே நின்றுவிட்டது என்ற எண்ணமும் தவறு. 2002, 2014, 2023 ஆகிய ஆண்டுகளில் புதிய தரநிலைகள் வந்துள்ளன. 2014 தரநிலை, தசமத்தை வெட்டுவதா அருகிலுள்ள எண்ணுக்கு மாற்றுவதா என்ற முறையையே பெயர் சொல்லித் தேர்ந்தெடுக்க இடம் தருகிறது. ஆர்பிஜியில் 2015 முதல், வரியின் எந்த இடத்தில் எதை எழுதவேண்டும் என்ற நெடுவரிசைக் கட்டுப்பாடின்றி எழுத முடிகிறது. பொருள்நோக்கு வசதிகளை விட, மற்ற மென்பொருள்கள் எளிதாகப் படிக்கும் ஜேசான் வடிவில் தரவு தரும் வசதியும் தானியங்கிச் சோதனைகளும்தான் உண்மையில் உதவும். பணம் இருந்தால் அவற்றில் போடலாம். ஆர்பிஜியின் விரிவே 'அறிக்கை நிரல் உருவாக்கி' என்பதுதான். அதுவும் ஒரு காலத்தின் எளிய அறிக்கைக் கருவி! ஆகவே கருவி எளிதாகிவிட்டால் போதும் என்ற நம்பிக்கைக்கு வயது அறுபதுக்கும் மேல்.

அலுவலர்களின் தேவை நியாயமானது. ஒரு அறிக்கைக்கு மூன்று மாதம் காத்திரு என்று சொன்னால் அவர்கள் எக்செலில்தான் இறங்குவார்கள். அங்கே 15 இலக்கத்துக்கு மேல் துல்லியம் கிடையாது. 16 இலக்கக் கணக்கு எண்ணின் கடைசி இலக்கம் பூஜ்யமாகும், முன்னால் உள்ள பூஜ்யம் காணாமல் போகும். பழைய எக்ஸ்எல்எஸ் வடிவம் 65,536 வரிசையோடு நின்றுவிடும். 2020-ல் இங்கிலாந்தில் 15,841 கொரோனா தொற்றுகள் தினசரிக் கணக்கில் விடுபட்டதற்கு இந்த வரம்புதான் காரணம்.

செய்யவேண்டியது இதுதான். அடிக்கடி கேட்கப்படும் அறிக்கைகளுக்கு வேண்டிய காப்பிபுக்குகளை, அதாவது ரெக்கார்டின் அமைப்பை விவரிக்கும் நிரல் பகுதிகளை, முதலில் எடுங்கள். அவற்றிலுள்ள 88 பெயர்கள், ரீடிஃபைன்ஸ் நிபந்தனைகள் எல்லாவற்றையும் எஸ்க்யூஎல் வியூக்களாக, அதாவது தரவை அட்டவணை போலக் காட்டும் தயார்க் கேள்விகளாக, எழுதுங்கள். நிலைக்குறி எழுத்தாக அல்லாமல் சொல்லாக வரவேண்டும், தொகை டெசிமலாக, கணக்கு எண் டெக்ஸ்டாக. வட்டித்தொகையை வியூ மறுபடி கணக்கிடக் கூடாது, நிரல் பதிந்ததையே காட்டவேண்டும். பகலில் நேரடி ஃபைல்களில் கேள்வி கேட்க விடாதீர்கள். பாதி பதிவான பரிவர்த்தனையும் கூட்டலில் சேர்ந்துவிடும். இரவு பேட்ச் (மொத்தமாக ஓடும் கணக்கு வேலை) முடிந்ததும் நகலெடுத்து, ரெக்கார்டு எண்ணிக்கையும் மொத்தத் தொகையும் பேட்ச் சரிபார்ப்புக்காகப் பதிந்த கட்டுப்பாட்டுத் தொகைகளோடு பொருந்தினால் மட்டுமே அன்றைய தரவைத் திறந்துவிடுங்கள். பொருந்தாத நாளில் முந்தைய நாள் தரவே தேதியோடு இருக்கட்டும். உரிமை படிப்பதற்கு மட்டும்.

காப்பிபுக் மாறும்போது வியூவும் அதே வெளியீட்டில் மாறவேண்டும். பெரும்பாலும் கோட்டை விடுவது இங்கேதான். புதிதாக 'டபிள்யூ' என்று ஒரு நிலைக்குறி சேர்ந்தால், வியூ எந்தப் பிழையும் காட்டாது. அந்தக் கணக்குகளுக்கு நிலை வெற்றிடமாக வந்துகொண்டிருக்கும். தெரியாத குறி வந்தால் நகலெடுப்பையே நிறுத்தும் ஒரு சோதனையைச் சேர்ப்பது அரை நாள் வேலை. புதிய கருவிக்கு ஒப்பந்தம் போடும் நிறுவனங்கள் இந்த அரை நாளையும் அதில் எழுதிவிடவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
வணிகக் கணக்கு நிரல்களைப் பராமரிக்கும் வாசகர்கள்