ஸ்டாப் மோஷன் படப்பிடிப்பு: வருவதற்கு முன் படித்துவிடுங்கள்

சனிக்கிழமை ஸ்டாப் மோஷன் (பொம்மையைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, ஒவ்வொரு அசைவையும் தனித்தனிப் படமாக எடுத்து ஓட்டுவது) படப்பிடிப்பு தொடங்குகிறோம். வினாடிக்கு 12 படம் என்று முடிவு செய்திருக்கிறோம், ஒரு நிமிடத்துக்கே 720 படம் ஆகிறது, ஆகவே அவசரக்காரர்கள் செட்டுக்கு பெயின்ட் அடிக்கப் போய்விடலாம் (கிண்டல் இல்லை, அங்கேதான் ஆள் குறைவு).

கேமராவில் போகஸ், எக்ஸ்போஷர் (வெளிச்ச அளவு), ஒயிட் பேலன்ஸ் (நிறச் சமநிலை) மூன்றையும் மேனுவலில் வைத்துவிடுங்கள். ஆட்டோவில் விட்டால் படத்துக்குப் படம் வெளிச்சம் மாறி, ஓட்டிப் பார்க்கும்போது மினுக்மினுக் என்று இருக்கும். ஜன்னலையும் முழுக்க மூடிவிடுவோம், வெளியே மேகம் நகர்ந்தால்கூடப் படத்தில் தெரியும். வெள்ளைச் சட்டை வேண்டாம், அதில் பட்ட வெளிச்சம் செட்டில் விழும்.

பொம்மையின் எலும்புக்கு அலுமினியக் கம்பியை இரண்டாக மடித்து முறுக்கிப் போடுங்கள், ஒற்றைக் கம்பி முழங்கையில் சீக்கிரம் ஒடியும். அப்புறம் அந்தக் குதிக்கும் காட்சி: பொம்மை அந்தரத்தில் நிற்பதற்காக அதன் முதுகில் தடித்த கம்பியைச் செருகி, மறுமுனையைக் கனமான மரக்கட்டையில் இறுக்கி நிறுத்தப்போகிறோம். ஷாட் முடிந்ததும் பொம்மை, கம்பி, கட்டை எல்லாவற்றையும் எடுத்துவிட்டு வெறும் செட்டை மட்டும் ஒரு படம் கட்டாயம் எடுங்கள், அதை வைத்துத்தான் பிறகு படங்களிலிருந்து கம்பியை அழிக்க முடியும்.

மேசையில் யாரும் சாயக்கூடாது, தயவுசெய்து. வருகிறவர்கள் இன்று இரவுக்குள் இங்கேயே சொல்லிவிடுங்கள்.