பொம்பளைப் பிள்ளைகளுக்கு வாய் இல்லையா?

இலங்கை மலையகத் தோட்டத்து இளைஞர்களின் விரக்தியை ஆவணப்படமாக எடுத்த குழுவினருக்கு,

வணக்கம். ஹட்டனில் படம் போட்ட அன்று பின்வரிசையில் இருந்தேன். கேள்வி நேரத்தில் மைக் என் பக்கம் வரவில்லை, அதனால் இந்த மடல்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒழுகும் லயத்துக் காம்பராவை, அதாவது வரிசை வீட்டின் ஒற்றை அறையை, ஒழுகுகிற மாதிரியே காட்டினீர்கள். மலையகத் தமிழரான எங்களை 'இந்தியத் தமிழர்' என்று எங்கேயும் போடவில்லை. சந்தோஷம்.

படத்தில் ஆணும் பெண்ணும் சரிபாதி என்றீர்கள். தலையை எண்ணினால் சரிதான். ஆனால் பேசுகிற இளவட்டம் நான்கு பேரும் பையன்கள். ஒருவன் கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு கடையில் வேலைக்கு நின்றுவிட்டுத் திரும்பியவன். இன்னொருவன், பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் ஏ.எல். (உயர்தர) விஞ்ஞானப் பிரிவு இல்லாததால் கலைப்பிரிவுக்குப் போனவன். அவர்கள் சொன்னதில் பொய்யே இல்லை. பெண்கள்? தூரத்தில், இசைக்கு ஏற்றபடி கொழுந்து பறிக்கிறார்கள். தேயிலைப் பெட்டியில் ஒட்டுகிற அதே படம்! வாய் திறக்கும் ஒரே அம்மாவும் மகனைப் பற்றித்தான் பேசுகிறார்.

என் சிநேகிதி ஒருத்தி டீச்சராக வேண்டும் என்றிருந்தாள். ஓ.எல். (சாதாரணதர) பரீட்சையில் கணக்குப் பாடம் தவறிப்போனது. பதினாறு வயதில் கொழும்புக்கு வீட்டுவேலைக்குப் போனாள், நாலு வருஷத்தில் திரும்பி வந்தாள். இப்போது மலையில் கொழுந்து எடுக்கிறாள். கிலோ குறைந்தால் அரைப்பேர்தான், அதாவது அரைநாள் சம்பளம்தான். 2024இல் அடிப்படை நாள் சம்பளம் 1350 ரூபாய் ஆனபோது எல்லாரும் பட்டாசு கொளுத்தினார்கள், அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பு விரக்தி இல்லையா? பையன் சந்தியில் சும்மா உட்கார்ந்தால்தான் கேமராவுக்குத் தெரியுமோ?

கேமரா நுவரெலியாவை விட்டு இறங்கவும் இல்லை. இரத்தினபுரி, கேகாலை றப்பர் தோட்டங்களில் தமிழ்ப் பள்ளிக்கூடம் எட்டாமல் சிங்களத்தில் படிக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். கண்டி மஹியாவையில் மாநகரசபைத் தொழிலாளர்களின் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்கள் வளர்ந்த விதமே வேறு.

அப்புறம், எங்கள் நிலைக்குக் காரணமாகப் படம் சொல்லும் அந்த 'வரலாற்றுக் காரணங்களால்' என்ற ஒற்றை வரி. 1948இல் சட்டம் போட்டு எங்கள் மக்களின் குடியுரிமையைப் பறித்தார்கள். எஞ்சியிருந்த நாடற்றவர்களுக்கு அது முழுசாகக் கிடைக்க 2003 ஆனது. ஏமாந்தவர்களைக் காட்டினால் ஏமாற்றியவர்களையும் காட்ட வேண்டாமா?

பள்ளிக்கூடங்களுக்கென்று படத்தைத் திரும்ப வெட்டப்போவதாகச் சொன்னீர்கள். அதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை வாருங்கள். மற்ற நாளில் பெண்கள் மலையில் நிற்பார்கள். ஞாயிறு காலையில் பீலியடியில், தண்ணீர் விழும் குழாயடியில், துணி துவைத்துக்கொண்டே எல்லாவற்றையும் பேசுவார்கள். தண்ணீர்ச் சத்தம் கொஞ்சம் இருக்கும், அதற்கேற்ற மைக்காகக் கொண்டுவாருங்கள்.

இப்படிக்கு,
பின்வரிசையில் இருந்தவள்