இரவு வேலையில் அவர்கள் சாப்பிடக் கூப்பிடும்போது

ஸ்காபரோ,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள மகளுக்கு,

தொலைபேசியில் நீ சொன்ன ஒன்று மனதை விட்டுப் போகவில்லை. இரவு வேலை இடைவேளையில் உன்னோடு வேலை செய்யும் பிலிப்பினோ தாதியர் தங்கள் டப்பாக்களைத் திறந்துவைத்து உன்னையும் சாப்பிடக் கூப்பிடுகிறார்கள். அதில் என்ன கலந்திருக்குமோ என்று தெரியாமல், பசியில்லை என்று சொல்லிவிட்டுக் கீழே போய்க் காப்பியும் பிஸ்கட்டும் வாங்கிக்கொள்கிறாய் என்றாய். வின்னிபெக்கில் உனக்குச் சொந்தம் என்று ஒருவரும் இல்லை. அந்த மேசையில் நீ உட்கார வேண்டும் பிள்ளை. என்ன சாப்பிடலாம், எதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நம் வீட்டுக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு பிலிப்பினோ சாப்பாட்டுக் கடை திறந்திருக்கிறார்கள். முதியோர் இல்லத்தில் என்னோடு வேலை செய்யும் பிலிப்பினோ அக்காவைக் கேட்டேன். மறுபேச்சில்லாமல் கூட்டிக்கொண்டு போனார். ஆடம்பரமான கடை அல்ல. கண்ணாடிக்குப் பின்னால் எவர்சில்வர் தட்டங்களில் கறிகள் ஆவி பறக்க இருக்கின்றன. வேண்டியதை விரலால் காட்டினால் சோற்றின் பக்கத்தில் அள்ளி வைக்கிறார்கள். மணிலாவின் தெருவோரக் கடைகளும் இப்படித்தானாம். பெயர் தெரியாதவர்களுக்கு இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது. சுவரில் பெரிய மரக் கரண்டியும் முள்ளுக்கரண்டியும் மாட்டியிருந்தார்கள். அவர்களுடைய வீடுகளிலும் அது இருக்கும். கடை புதிது என்பதால் பணம் வாங்கும் இடத்தில் கொஞ்சம் தடுமாறினார்கள். சமையலில் தடுமாற்றமே இல்லை.

நீ முதலில் சாப்பிட வேண்டியது சினிகாங். பழப்புளி கரைத்த தெளிந்த சாறு அது. நாங்கள் வாங்கியதில் இறாலும் முள்ளங்கியும் கத்தரிக்காயும் வெண்டைக்காயும் பயிற்றங்காயும் கங்குன் கீரையும் இருந்தன. மேலே நீளமாக ஒரு பச்சைமிளகாய். தூளும் கிடையாது, தாளிதமும் கிடையாது. அம்மம்மா காய்ச்சும் கூழில் ஒடியல் மாவையும் செத்தல்மிளகாயையும் எடுத்துவிட்டால் என்ன புளிப்பு மிஞ்சுமோ, அந்தப் புளிப்பு. முதல் வாயிலேயே எனக்குக் குருநகர்க் கடற்கரை ஞாபகம் வந்துவிட்டது. பழப்புளி இல்லாத இடத்தில் கொய்யாவையோ மாங்காயையோ பிலிம்பிக்காயையோ போட்டுப் புளிக்க வைப்பார்கள் என்று அக்கா சொன்னார். பன்றி போட்டும் இதே சாற்றை வைப்பதுண்டு, அதனால் எதில் வைத்தது என்று கேட்டுவிட்டுச் சாப்பிடு. அந்தக் குளிரில் இரவு முழுவதும் நின்று வேலை செய்கிறவர்களுக்கு இதைவிட இதமான சாப்பாடு இருக்க முடியாது.

அடுத்தது தினோலா. கோழி, இஞ்சி, பப்பாசிக்காய், கடைசியில் ஒரு பிடி முருங்கையிலை. ஆமாம், நம் முருங்கையிலையேதான்! நாம் சுண்டியும் வறுத்தும் சாப்பிடுவதை அவர்கள் சாற்றில் போடுகிறார்கள். பிள்ளை பெற்றவர்களுக்குப் பால் ஊற இதைக் கொடுப்பார்களாம். நீ பிறந்தபோது எனக்குச் சுறா வறை கிடைத்தது. பிறகு, பூசணிக்காயும் பயிற்றங்காயும் இறாலும் சேர்த்துத் தேங்காய்ப்பாலில் வைத்த ஒரு கறி இருந்தது. அதை நான் விவரிக்கத் தேவையில்லை, கண்ணால் பார்த்தால் உனக்கே தெரியும். தேங்காய்ப்பாலில் வேகவைத்த சேம்பிலையும் அவர்களிடம் உண்டு. எனக்கு அது கொஞ்சம் உப்பாகப் பட்டது, சோறு கூடுதலாகப் போட்டுக்கொண்டேன்.

அடோபோவை உனக்கு அங்கே கட்டாயம் நீட்டுவார்கள். கோழியையோ பன்றியையோ வினாகிரி, சோயா சோஸ், உள்ளி, மிளகு, பிரியாணி இலை போட்டு வற்ற வைப்பது. வெப்ப நாட்டில் இறைச்சி கெடாமல் இருக்கக் கண்ட வழி. வினாகிரி அதைக் காக்கிறது. ஸ்பானியர்கள் 1565 முதல் 1898 வரை பிலிப்பைன்ஸை ஆண்டார்கள். வினாகிரியில் சமைப்பது அவர்களுக்கும் முந்தியது. சோயா சோஸும், பான்சித் என்ற நூடில்ஸும், லும்பியா என்ற ரோல்ஸும் சீனர்கள் வழி வந்தவை. பிறந்தநாளில் நீளமான பான்சித் சாப்பிட்டால் ஆயுள் நீளும் என்பது அவர்கள் நம்பிக்கை. யாருடைய பிறந்தநாளுக்காவது அதைக் கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லிவிடாதே.

கரே-கரே என்ற கறியின் கதையை நீ அறிந்திருக்க வேண்டும். கச்சானை அரைத்துக் குழம்பாக்கி, ஒரு சிவப்பு விதையால் நிறம் ஏற்றி, கத்தரிக்காயும் பயிற்றங்காயும் சேர்ப்பார்கள். வழக்கமாக அதில் மாட்டு வால் இருக்கும். இந்தக் கடையில் கடலுணவு போட்டதும் இருந்தது, அதைத்தான் நான் சாப்பிட்டேன். 1762இல் ஆங்கிலேயர்கள் சென்னையிலிருந்து கப்பலேறிப் போய் மணிலாவைப் பிடித்தார்கள். அந்தப் படையில் சென்னையிலிருந்து போன சிப்பாய்களும் இருந்தார்கள். 1764இல் ஆங்கிலேயர்கள் வெளியேறியபோது சிப்பாய்களில் சிலர் கப்பல் ஏறாமல் நின்றுவிட்டார்கள். மணிலாவுக்குக் கிழக்கே கைந்தா என்ற ஊரில் கலியாணம் செய்து குடியேறினார்கள். தங்கள் ஊர்க் கறிக்கு ஏங்கி, கிடைத்ததை வைத்து அவர்கள் சமைத்ததே கரே-கரே என்று ஒரு கதை உண்டு. பம்பாங்கா மாகாணத்தார் அதைத் தங்கள் கறி என்பார்கள். எனக்கு முதல் கதையைத்தான் நம்பப் பிடித்திருக்கிறது. ஊர் திரும்பாதவர்களுடைய சமையலறையில் என்ன நடக்கும் என்று நமக்குத் தெரியும்தானே.

அதன் பக்கத்தில் சின்னக் கிண்ணத்தில் பாகோங் வைப்பார்கள். கூனி இறாலை உப்பிட்டுப் புளிக்க வைத்தது. மணம் கடுமையாகத்தான் இருக்கும். கருவாடு காய்ந்த வீட்டுப் பிள்ளை நீ, முகத்தைச் சுளிக்காமல் துளி தொட்டுச் சாப்பிட்டுப் பார். அது இல்லாமல் கரே-கரே சப்பென்று இருக்கும்.

இப்போது கவனிக்க வேண்டியவை. மரக்கறி என்று அவர்கள் தருவது சைவம் என்று நினைத்துவிடாதே. பினக்பெத் என்ற பாகற்காய், கத்தரிக்காய், வெண்டைக்காய்க் கறியில் பாகோங் இருக்கும். பன்றித் துண்டும் இருக்கலாம். வெள்ளிக்கிழமைகளில் துரோன் கேட்டு வாங்கு. வாழைப்பழத்தையும் பலாச்சுளையையும் மெல்லிய மாத்தாளில் சுருட்டிச் சீனியோடு பொரித்தது. பன்றியும் மாடும் சாப்பிடுவதில்லை என்று முதல் நாளே நேராகச் சொல்லிவிடு. ஒருவரும் மனம் நோக மாட்டார்கள். அவர்கள் நாட்டின் தெற்கே மிந்தனாவோ தீவில் பன்றி சாப்பிடாத முஸ்லிம்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், இது அவர்களுக்குப் பழகிய விஷயம். மறுப்பதற்குக் காரணம் சொல்லாமல் தினமும் நழுவிப் போவதுதான் நோகச் செய்யும்.

எனக்குப் பிடிக்காததையும் சொல்கிறேன். சொசேஜ் நறுக்கிப் போட்ட ஸ்பகெட்டி இனித்தது. என்னால் முடிக்க முடியவில்லை. வாழைப்பழக் கெச்சப் போட்டுச் செய்வது என்றார் அக்கா. அந்தக் கெச்சப்பை உருவாக்கிய மரியா ஓரோசா ஓர் உணவு வேதியியலாளர். தக்காளிக் கெச்சப் வெளியிலிருந்து வரவேண்டியிருந்த நாட்டில், கையிலிருக்கும் வாழைப்பழத்தை வைத்துச் செய்தார். போர்க்காலத்தில் சோயாவிலிருந்து சத்துமா செய்து சிறைப்பட்டவர்களுக்கு ரகசியமாக அனுப்பியவரும் அவர்தான். 1945 பெப்ரவரியில் மணிலாவில் நடந்த சண்டையில் காயப்பட்டு, கொண்டுபோன மருத்துவமனையிலும் ஷெல் விழுந்து இறந்துபோனார். நான் அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. மருத்துவமனைமேல் ஷெல் விழுவது என்றால் என்ன என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்.

அன்று அக்கா தன்னைப் பற்றியும் பேசினார். அவர் கனடாவுக்கு வந்தது வீட்டோடு தங்கிப் பிள்ளைகளையும் முதியவர்களையும் பராமரிக்கும் திட்டத்தில். 1992இல் தொடங்கிய அந்தத் திட்டம் 2014இல் புதியவர்களுக்கு மூடப்பட்டது. இரண்டு வருட வேலையை முடித்தால்தான் நிரந்தர வதிவிடத்துக்கு விண்ணப்பிக்க முடிந்தது. அதன் பிறகும் காத்திருப்பு. அவருடைய மகன் அதுவரை பாட்டியிடம் வளர்ந்தான். பெரிய பெட்டிகளில் சவர்க்காரமும் சொக்லேட்டும் சப்பாத்தும் அடைத்துக் கப்பலில் அனுப்பியபடியே இருந்தாராம், சப்பாத்தின் அளவை ஒவ்வொரு முறையும் கேட்டுத் தெரிந்துகொண்டு. உன்னைச் சாப்பிடக் கூப்பிடும் பெண்களிலும் இப்படி எத்தனை தாய்மார் இருப்பார்களோ. அவர்கள் நீட்டும் டப்பாவை நீ வாங்க வேண்டும் என்று நான் இவ்வளவு வற்புறுத்துவது அதனால்தான்.

நீ இருக்கும் ஊரில் அவர்கள் நேற்று வந்தவர்களும் அல்லர். 1960களிலேயே தாதியராகவும் தையல் ஆலைத் தொழிலாளிகளாகவும் வின்னிபெக்குக்கு வந்தார்கள். அவர்கள் நாட்டின் ஜொலிபீ என்ற துரித உணவுக் கடை கனடாவில் முதலில் திறந்ததும் அங்கேதான், 2016இல். உனக்கு வீடு தேடவும், குளிருக்கு எந்தக் கடையில் சப்பாத்து வாங்குவது என்று சொல்லவும் அவர்களைவிடத் தெரிந்தவர்கள் இல்லை.

மேசைப் பழக்கம் சில. வலது கையில் கரண்டி, இடது கையில் முள்ளுக்கரண்டி. முள்ளால் தள்ளிக் கரண்டியால் சாப்பிடுவார்கள். வாழையிலை விரித்து எல்லோரும் கையால் சாப்பிடும் விருந்தும் உண்டு, அன்று நீதான் அவர்களுக்கு வழிகாட்டி. வினாகிரி, மிளகாய், சின்ன எலுமிச்சை போன்ற கலமன்சி எல்லாம் மேசையில் இருக்கும். உன் ருசிக்குக் கலந்துகொள், சமைத்தவருக்கு அது குறையாகப் படாது. பொதுத் தட்டில் மிஞ்சும் கடைசித் துண்டை யாரும் தொட மாட்டார்கள், நீயும் தொடாதே. வீட்டுக்குக் கட்டிக் கொடுத்தால் வாங்கிக்கொள். டப்பாவைத் திருப்பிக் கொடுக்கும்போது வெறுமையாகக் கொடுக்காதே என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. உறைப்பைக் குறைத்து மீன் கட்லட் செய்து கொண்டு போ. நான் ஒருமுறை வேலைக்குக் கொண்டுபோனபோது அக்கா மகனுக்கென்று எடுத்து வைத்துக்கொண்டார்.

இன்னும் ஒன்று. டிசம்பர் 16 முதல் ஒன்பது நாள் விடிகாலைப் பூசைக்குப் போவார்கள். 24ஆம் தேதி நள்ளிரவில் குடும்பமாக உட்கார்ந்து சாப்பிடுவது அவர்களுக்கு ஆண்டின் பெரிய சாப்பாடு. வேலை அட்டவணை போடுவதற்கு முன்பே, பிள்ளைகள் இருக்கும் யாராவது ஒருவருடைய அந்த இரவு வேலையை நீ எடுத்துக்கொள்வதாகச் சொல். தைப்பொங்கலுக்கு உனக்கு லீவு வேண்டும் என்பதையும் அப்போதே சொல்லிவை. அது கிடைத்தால் உடனே எழுது, அப்பா டிக்கெட் விலை பார்க்கத் தொடங்கிவிட்டார்.

அன்புடன்,
அம்மா