'டோனட்ஸ்' கேட்ட விமர்சகர்களுக்கு ஒரு திறந்த மடல்

இசை விமர்சகர்களுக்கு வணக்கம்.

அமெரிக்க ஹிப்-ஹாப் இசைத் தயாரிப்பாளர் ஜே டில்லாவின் 'டோனட்ஸ்' இசைத்தொகுப்பு 2006 பிப்ரவரி 7 அன்று, அவருடைய 32ஆவது பிறந்தநாளில் வெளிவந்தது. 10ஆம் தேதி அவர் லாஸ் ஏஞ்சலஸில் காலமானார். அந்தத் தொகுப்பைப் பற்றி நீங்கள் எழுதும்போதெல்லாம் பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகிறீர்கள். மருத்துவமனைக் கட்டில், ரத்த நோய், வலிக்கும் விரல்களைத் தாய் நீவிவிட்டது என்று அந்தக் கதை நீள்கிறது. எனக்கும் நெஞ்சு கனக்கத்தான் செய்கிறது. ஆனால் கதை முடியும்போது கட்டுரையும் முடிந்துவிடுகிறதே, இசையைப் பற்றி எப்போது எழுதப் போகிறீர்கள்?

பிட்ச்போர்க் என்ற இசை விமர்சன இணையதளம் இந்தத் தொகுப்புக்கு முதலில் போட்டது பத்துக்கு 7.9. பின்னால் மறுவெளியீடு வந்தபோது 10. கூடியதில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனாலும் அந்த 2.1 எதற்காகக் கூடியது என்பதை இசையை வைத்துச் சொல்லுங்கள் என்று கேட்க ரசிகனுக்கு உரிமை உண்டு.

'டோன்ட் க்ரை' ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வோம். எஸ்கார்ட்ஸ் குழுவின் பழைய சோல் பாட்டு ஒன்றிலிருந்து எடுத்துச் செய்தது அது. நியூ ஜெர்சியின் ராவே சிறையில் கைதிகளாக இருந்தவர்கள் சேர்ந்து அமைத்த குழு (இதைப் பற்றியே தனிக்கட்டுரை எழுதலாம்). டில்லா முதலில் அந்தப் பாட்டை ஏறக்குறைய அப்படியே ஓடவிடுகிறார். நீ அழுவதை என்னால் பார்க்க முடியாது என்று குரல் கெஞ்சுகிறது. மெட்டு நம் காதில் பதிந்ததும் அதையே பொடிப்பொடியாக நறுக்கி வேறு வரிசையில் அடுக்குகிறார். குரல் பாதிச் சொல்லில் அறுந்து இன்னொரு பாதியோடு போய் ஒட்டிக்கொள்கிறது. எதை எடுத்தார், அதை என்ன செய்தார் என்று இரண்டையும் இரண்டு நிமிடத்துக்குள் நம் முன்னாலேயே செய்து காட்டுகிறார். இதைக் கேட்டு அசந்துபோக அவருடைய நோயைப் பற்றி ஒன்றும் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

எல்லாம் துண்டு துண்டாக இருக்கிறது, ராப் ஏறினால்தான் முழுமையாகும் என்று பீட் தொகுப்புகளைப் பற்றி, அதாவது ராப்புக்கு அடியில் ஓடும் இசையை மட்டும் கொண்ட தொகுப்புகளைப் பற்றி, ஒரு பேச்சு உண்டு. இங்கே 31 ட்ராக், பெரும்பாலானவை ஒன்றரை நிமிடம்கூட வராது. உண்மைதான். ஆனால் முதல் ட்ராக்குக்கு 'அவுட்ரோ', அதாவது முடிவுப் பகுதி, என்று பெயர். கடைசி ட்ராக்கோ மறுபடி முதலாவதில் போய்ச் சேருகிறது. அரைகுறையாக விட்டவர் இப்படி வட்டம் கட்டுவாரா? ராப் பாடகர் கோஸ்ட்ஃபேஸ் கில்லா, ஹிப்-ஹாப் குழுவான தி ரூட்ஸ் இரு தரப்புமே அதே 2006இல் இதிலிருந்து பீட் எடுத்துப் பாடினார்கள். அதற்காக டில்லா விட்டுவைத்த இடம் காலியாகக் கிடந்தது என்று ஆகிவிடாது.

அடுத்த பீட் தொகுப்பு உங்கள் கைக்கு வரும்போது நல்ல ஹெட்போனில் கேளுங்கள். எந்தப் பழைய பாட்டிலிருந்து எடுத்த சாம்பிள், எங்கே வெட்டு, டிரம் எந்த இடத்தில் ஒரு மயிரிழை தள்ளி விழுகிறது என்று எழுதுங்கள். வாழ்க்கைக் கதையை அதற்குப் பிறகு சொல்லுங்கள். முடிந்தால், செய்தவர் உயிரோடு இருந்து படிக்கும் காலத்திலேயே எழுதுங்கள்.

அன்புடன்,
ஒரு ரசிகன்