மாத்திரையை ஒளித்த மருமகளும் டானிக் குடித்த அண்ணனும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் 31 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். போன வாரம் துவரம்பருப்பு டப்பாவுக்குப் பின்னால் கையை விட்டபோது இரண்டு அட்டை இரும்புச்சத்து மாத்திரை அகப்பட்டது. ஒன்றுகூடப் பிரிக்கப்படவில்லை. மருமகளுக்கு டாக்டர் எழுதிக் கொடுத்தவை. கேட்டால், "உடம்பில் இரும்பு சேர்ந்தால் மாரடைப்பு வருமாம், அத்தை" என்று கைப்பேசியை நீட்டுகிறாள்.

அவளுடைய பெரிட்டின் அளவு 7. உலை வைக்கும் முன் ஒரு பிடி பச்சரிசியை வாயில் போட்டு மெல்லுவாள். அதைப் பார்த்துத்தான் நானே பரிசோதனைக்கு இழுத்துக்கொண்டு போனேன். பெரிட்டின் என்பது உடம்பின் இரும்புக் கையிருப்பைக் காட்டுவது. 7 என்றால் குதிரின் அடி தெரிகிறது என்று பொருள்.

அவள் காட்டிய செய்தி முழுப் பொய்யும் அல்ல, அதுதான் சங்கடம். மாதவிடாய் நிற்கும்வரை பெண்களுக்கு மாரடைப்பு குறைவாக இருப்பதற்கு, மாதாமாதம் ரத்தத்தோடு இரும்பும் வெளியேறுவது காரணமாகலாம் என்று 1981இல் ஜெரோம் சல்லிவன் என்ற அமெரிக்க மருத்துவர் எழுதினார். 1992இல் வெளியான ஆய்வு ஒன்று, கிழக்கு பின்லாந்தில் 42 முதல் 60 வயது வரையுள்ள 1,931 பேரைக் கவனித்தது. அத்தனை பேரும் ஆண்கள். பெரிட்டின் 200ஐத் தொட்டவர்களுக்கு மாரடைப்பு அபாயம் இரு மடங்குக்கும் மேல் என்றது. மாரடைப்பு வந்தவர்கள் மொத்தமே 51 பேர்தான் என்பதை யாரும் பகிர்வதில்லை! பின்னர் வந்த பல ஆய்வுகளில் இந்தத் தொடர்பு தென்படவில்லை. கால் ரத்தக்குழாய் அடைப்புள்ள 1,277 பேரில் ஒரு பாதிக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை ரத்தம் எடுத்து இரும்பைக் குறைத்துப் பார்த்த அமெரிக்க ஆய்வு 2007இல் வெளிவந்தது. இறப்பு குறிப்பிடும்படி குறையவில்லை. போதாததற்கு, காய்ச்சல் அடித்தாலும் கல்லீரலில் கொழுப்பு படிந்தாலும்கூட பெரிட்டின் ஏறும்.

தமிழகத்தில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு ரத்தசோகை என்கிறது 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வு. பின்லாந்து ஆண்களின் கவலையை இவர்கள் எதற்குச் சுமக்க வேண்டும்? இத்தகைய செய்தியை வெளியிடும்போது, ஆய்வு ஆண்களிடம் நடந்ததா பெண்களிடமா, அவர்களுக்கு என்ன வயது என்று ஒரு வரி சேருங்கள்.

என் அண்ணன் கதை நேர்மாறு. வயது 62, பெரிட்டின் 340. "தெம்புக்கு" என்று யாரையும் கேட்காமல் தினமும் இரண்டு மூடி இரும்பு டானிக். பாட்டிலைப் பிடுங்கிக்கொண்டு, டாக்டரைப் பார்க்கச் சொல்லி வந்திருக்கிறேன். மருமகள் இப்போது மாத்திரையை எலுமிச்சைச் சாற்றோடு, என் கண்ணெதிரே விழுங்குகிறாள். காபி இரண்டு மணி நேரம் கழித்துத்தான். பாட்டிலில் பாதி மீதி இருக்கிறதே, வீணாக்காமல் மருமகளுக்கே கொடுத்துவிடலாமே என்கிறார் அண்ணி.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வக நுட்புநர்,
கும்பகோணம்