மூக்குக்குப் பழக்கம் கொடு

காவேரிப்பட்டணம்

அன்புள்ள கஸ்தூரி,

கடிதம் கிடைத்தது. காய்ச்சல் விட்டு மூன்று மாதமாகியும் ரசம் தாளிக்கிற வாசனைகூடத் தெரியவில்லை, இனி இப்படித்தான் என்று எழுதியிருந்தாய். அந்த 'இனி இப்படித்தான்' மட்டும் எனக்கு ஒப்பவில்லை.

மூக்கைப் பழக்கலாம் கஸ்தூரி. ஜெர்மனியில் டிரெஸ்டன் நகரத்து மருத்துவர் தாமஸ் ஹும்மல் 2009-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார். உன்னைப் போல வாசனை இழந்தவர்கள் ரோஜா, யூகலிப்டஸ், எலுமிச்சை, கிராம்பு நான்கையும் தினம் இரண்டு வேளை, 12 வாரம் முகர்ந்தார்கள். எல்லோருக்கும் திரும்பவில்லை. ஆனால் சும்மா இருந்தவர்களைவிடப் பழகியவர்களுக்கு நல்ல முன்னேற்றம். மூக்கின் உள்ளே மேல்பகுதியில் வாசனையைப் பிடிக்கிற நரம்பணுக்கள் அழிந்தாலும் மறுபடி முளைக்கக்கூடியவை. எனக்கு நம்பிக்கை தருவது அதுதான்.

இங்கே மாம்பழ சீசன். அண்ணன் மண்டியில் தரம் பிரிக்கிற பாட்டி செந்தூராவை எடுத்தால், காம்புப் பக்கம் ஒரே ஒரு மூச்சுதான். "இது கல்லு வெச்சது" என்று, கார்பைடு கல் வைத்துப் பழுக்கவைத்ததைத் தள்ளிவிடுவார். எனக்கு எல்லாம் ஒரே மாதிரி இருந்தது. பக்கத்தில் உட்காரவைத்து, வைக்கோலில் பழுத்ததையும் கல் வைத்ததையும் மாற்றி மாற்றிக் கொடுத்தார். "அவசரப்படாத, இன்னதுன்னு நெனச்சுக்கிட்டே மோந்து பாரு." சீசன் பாதியிலேயே பிடிபட்டுவிட்டது. வைக்கோல் பழத்தில் காம்படியிலிருந்தே தித்திப்பு எழும்பும். மற்றதில் நிறம்தான் இருக்கும், மணம் மேலே வராது.

பாட்டி சொன்னதையே நீயும் செய். கிராம்பை முகரும்போது பிரியாணியை நினை. டிவி பார்த்துக்கொண்டே முகர்ந்தால் பிரயோசனமில்லை என்பது என் எண்ணம். கிராம்பும் எலுமிச்சையும் வீட்டிலேயே இருக்கும், யூகலிப்டஸுக்கு நீலகிரித் தைலம் மருந்துக்கடையில் கிடைக்கும். ரோஜாவுக்கு நான் பொறுப்பு. சின்னவளுக்கு ஓசூரில் வேலை கிடைத்துவிட்டது, வாரக் கடைசியில் வரும்போது கட்டு வாங்கி வருவாள். உனக்குத் தருமபுரி பஸ்ஸில் கொடுத்தனுப்புகிறேன். அப்புறம், காது மூக்கு தொண்டை மருத்துவரையும் ஒருமுறை பார்த்துவிடு.

இன்னொன்று. கேஸ் கசிந்தால் உனக்கு இப்போது தெரியாது. ராத்திரி படுக்கும் முன் சிலிண்டரை மூடச் சொல்லி வீட்டில் எல்லோரிடமும் சொல்லி வை. முதலில் எந்த வாசனை வருகிறதோ, அன்றைக்கே எனக்கு போன் பண்ணு.

அன்புடன்,
விஜயா